உடலுக்கு ஒரு விலைப்பட்டியல்

உப்பளம் வெடிப்பதில்லை. மரக்காணத்துக்கும் பாயிலருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். இரண்டு இடத்து உடலையும் சட்டம் பார்க்கிற பார்வை ஒன்றுதான்.

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தை ஒரு பிரதியாக வாசிப்போம். முதல் அட்டவணையில் உடல் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் முழுதும் என்றால் 14. இரண்டு கையும் என்றால் 100. கசாப்புக்கடை ஞாபகம் வந்தால் அது வாசகரின் குற்றமல்ல. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் இதன் இடத்துக்கு வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை என்னவோ அதேதான்.

'கை போச்சுன்னா எவ்வளவு?' என்றால் இந்தப் பிரதி தயங்காமல் பதில் சொல்லும். 'தோல் வெந்துபோச்சுன்னா?' முகம் கோரமாகச் சிதைந்ததற்கு ஒரு வரி உண்டு. மற்றபடி மௌனம்.

அந்த மௌனத்தின் மேல்தான் நெய்வேலி வெடித்தது. 2020இல் மே 7, ஜூலை 1 என இரண்டு மாதத்துக்குள் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு பாயிலர் விபத்துகள். ஜூலையில் அன்றைக்கே 6 பேர் செத்தார்கள். தீக்காயத்தோடு சென்னைக்குக் கொண்டுபோனவர்களில் பலர் அடுத்தடுத்துப் போனார்கள். ஒப்பந்தக் கூலிகள்தான் அதிகம். பாயிலர் விரலை நறுக்குவதில்லை, ஆளையே வேகவைக்கிறது. அட்டவணையின் கற்பனையோ சக்கரமும் பல்லும் கொண்ட யந்திரத்தோடு நின்றுவிட்டது.

பட்டியலில் இல்லாத காயம் என்றால் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று மருத்துவர் எழுதித் தரவேண்டும். போராட்டம் முழுக்க அந்தத் துண்டுக் காகிதத்தில் வந்து நிற்கிறது. இங்கேதான் 1975இல் உச்சநீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்பு தொழிற்சங்கங்களுக்குக் கைகொடுக்கும். இடதுகையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சர். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்யமுடியாது, ஆகவே இழப்பு நூறு சதவீதம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. விபத்து நடந்த நாளிலேயே நட்டஈடு கடனாகிவிடுகிறது என்றும் சொன்னது. அதாவது உறுப்பை எண்ணாதே, வேலையைப் பார். இதை எத்தனை பேர் ஆணையர் முன்னால் எடுத்து வைக்கிறார்கள்?

'அவன் காண்ட்ராக்டர் ஆளு' என்று கைகழுவவும் முடியாது. பழைய சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, தன் தொழிலுக்கான வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை முதலாளியிடமே கேட்கலாம். அவர் பிறகு ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். இரண்டு வருடத்துக்குள் மனுப் போடவேண்டும். (ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு வழி வேறு.)

இனி மரக்காணம். அதே சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்நோய்களைச் சொல்கிறது. பனிப்பிரதேசத்தில் பனியின் வெளிச்சத்தால் கண் கெட்டால் அது தொழில்நோய். நம் பாத்திகளில் வெயில் உப்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிற வெள்ளை அதில் இல்லை. கடும் வெப்பத்தின் தாக்கத்துக்கு ஒரு வரி இருக்கிறது. உப்பு வாருகிற பெண்ணின் கண்ணையும் கால் புண்ணையும் தச்சரின் கையைப் போல அளக்கச் சொல்லி யாராவது ஒரு மனு எழுதினால், முதலில் அந்த வரியைத்தான் பிடிக்கவேண்டியிருக்கும்.