சூட்டில் பிறக்கும் அவல்

வண்டலூர் மளிகைக் கடையில் கார்ன்ஃபிளேக்ஸ் பெட்டிகளுக்குப் பக்கத்தில் அடக்கமாக இருக்கும் அவல் பொட்டலத்தைப் பார்க்கும்போதெல்லாம் அதைச் செய்தவர்கள்மீது மரியாதை வருகிறது. ஊறவைத்து வடித்த நெல்லை, சூடேறிய மணலில் போட்டு வறுக்கிறார்கள். படபடவென்று சத்தம் எழும். ஒன்றிரண்டு மணிகள் பொரியத் தொடங்கும். அதுதான் பக்குவம். உடனே மணலைச் சலித்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் இடிக்க வேண்டும். ஆறிவிட்டால் அரிசி நொறுங்கும்; சூட்டில்தான் நசுங்கிக்கொடுத்துத் தட்டையாகும்.

உலக்கை செய்த வேலையை இன்று ஆலையில் இரும்பு உருளை செய்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிட்டால் கெட்டி அவல் மெல்லிய அவலாகிவிடும். எப்போது நிறுத்துவது என்பது பழகிய கைக்குத் தெரியும். ஒரு இதழை விரலில் எடுத்துப் பாருங்கள்: ஓரம் சொரசொரப்பு, நடுவில் வழவழப்பு. தண்ணீர் தெளித்து, வெல்லமும் தேங்காய்த் துருவலும் சேர்த்தால் காலை உணவு தயார். அடுப்பு வேலையை அவர்கள் முன்பே முடித்துத் தந்துவிட்டார்கள்.