பத்தாயிரம் ஓடட்டும்!

புதுக் கார் வாங்கியவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் ஆலோசனை: 'சிந்தடிக் ஆயிலை இப்பவே ஊத்திடாதீங்க சார், பத்தாயிரம் ஓடட்டும்.' ஏன் என்று கேட்டால், அது ரொம்ப வழுக்குமாம். பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு உரசிப் பழகாதாம்.

ஒரு காலத்தில் இதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. சிலிண்டரைச் சொரசொரப்பாகக் கடைந்து அனுப்பினார்கள். மிச்ச வேலையை நீங்கள் ஓட்டித்தான் முடிக்க வேண்டும். இப்போது அந்த நுணுக்க வேலையெல்லாம் தொழிற்சாலையிலேயே முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் கார்வெட், 1992 மாடலிலேயே மொபில் 1 சிந்தடிக் ஊற்றித்தான் வெளியே வந்தது. ரிங்குகள் சமர்த்தாகத்தான் உட்கார்ந்தன.

'சிந்தடிக்' என்ற வார்த்தையையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் இதில் ஒரு விளம்பரச் சண்டை. கச்சா எண்ணெயிலிருந்து வந்ததையே ஹைட்ரஜனால் கடுமையாகச் சுத்திகரித்தால் சிந்தடிக் என்று சொல்லிக்கொள்ளலாம் என, விளம்பரங்களை விசாரிக்கும் அமைப்பு 1999-ல் காஸ்ட்ரால் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகவே டப்பாவின் முன்பக்கக் கொட்டை எழுத்தைவிடப் பின்பக்கப் பொடி எழுத்து முக்கியம். 0டபிள்யூ-20, ஏபிஐ எஸ்பி என்று இருக்கும்.

அப்ப எப்பத்தான் மாத்தறது? மேனுவல் சிந்தடிக் கேட்டால் முதல் நாளிலிருந்தே அதுதான். கேட்கவில்லையா, முதல் ஆயில் மாற்றும்போது அதே கிரேடில் மாறலாம். மாறாவிட்டாலும் குடி முழுகிவிடாது. கிரேடையே மாற்றி ஊற்றிவிட்டு வாரண்டி கேட்டுப் போனால்தான் வம்பு.

மேனுவல் டேஷ்போர்டில்தான் இருக்கும். அநேகமாக பிளாஸ்டிக் உறை பிரிக்காமல்.