புத்தளக் கரையின் காவல் தெய்வங்கள்

மாய உலகங்களைச் சிருஷ்டிக்கும் கதாசிரியர்கள் ஆவிகளை இனம்பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை வகுக்கிறார்கள். இலங்கையின் புத்தளக் கரையோர மக்களோ அத்தகைய உலகத்தில் தலைமுறைகளாகக் குடித்தனமே நடத்தி வருகிறார்கள். 1578இல் போர்த்துக்கேயர் இடிக்க, 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் புனருத்தாரணம் செய்த முன்னேஸ்வரம் கோயிலில், சிவபெருமானின் சந்நிதானத்துக்கு அணித்தாகவே ஐயனாரும் காளியும் தனிக்கோயில் கொண்டிருக்கின்றனர். ஐயனாரைச் சிங்களக் குடியானவரும் குளத்துக்கும் வயலுக்கும் காவலராகப் பூஜிக்கின்றனர். நியாயம் கிட்டாதவர்கள், எம்மதத்தவராயினும், காளியிடம் முறையிடுகின்றனர். எனினும் என் மனத்தை மிகவும் ஆகர்ஷிப்பது உடப்பு என்ற மீனவக் கிராமத்தின் திரௌபதை அம்மனே. கரைவலைக் கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கைகளைக் கூப்பி, ஆடித் திருவிழாவில் செந்தணல்மேல் நடக்கும் மீனவர், அவளைப் பயத்தினால் அல்ல, வீட்டுப் பெரியவளிடம் கொள்ளும் உரிமையோடுதான் அழைக்கிறார்கள்.