பூப்பும் மௌனமும்

பெண்ணின் பருவங்களை நுணுகி வகுத்த இலக்கியம் எம்முடையது. உலா நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழு பருவ மகளிரைக் காட்டுகின்றன. ஆயினும் அவர்கள் பவனி வரும் தலைவனின் பெருமையை உணர்த்தவே அங்கு நிற்கின்றனர். தொல்காப்பியக் கற்பியலும் பூப்பைப் பேசுகின்றது. பரத்தையிற் பிரிந்த தலைவன் மனைவியை நீங்கியிருக்கலாகாத பன்னிரு நாட்களைக் குறிப்பதற்கே பேசுகின்றது. பூப்பெய்தியவள் என்ன உணர்ந்தாள் என்ற வினாவுக்கு ஆங்கு இடமில்லை.

இந்நோக்கின் தொடர்ச்சியே எமது சாமத்திய வீடு. பந்தலும் ஆலாத்தியும் வீடியோப் படமுமாக, ஒரு சிறுமியின் முதல் உதிரப்போக்கு ஊரறியக் கொண்டாடப்படுகின்றது. அடுத்த மாதம் அது வராவிடின் அவள் யாரிடம் சொல்வாள்? பந்தல் பிரிந்ததும் பேச்சும் நின்றுவிடுகின்றது. இரண்டு மாதம் பிந்தினால் அவளுடைய நடத்தை மீதே ஐயம் எழுகின்றது. 'இவளுக்குப் பிள்ளை பிறக்குமோ' என்ற கவலை அதனைத் தொடர்கின்றது. குற்றமேதும் செய்யாத சிறுமி குற்றவாளிக் கூண்டில் நிற்கின்றாள்.

விஞ்ஞானம் கூறுவது வேறு. முதற் பூப்பின் பின் ஓரிரு ஆண்டுகள் சூல் ஒழுங்காக வெளியேறாதிருத்தல் இயல்பே. மாதவிலக்கின் இடைவெளி 21 முதல் 45 நாட்கள் வரை வேறுபடலாம்; மூன்றாம் ஆண்டளவில் பெரும்பாலோர்க்கு அது ஒழுங்குபடுகின்றது. 90 நாட்களுக்கு மேல் வராதிருப்பினும், ஏழு நாட்களுக்கு மேல் உதிரம் போயினும் வைத்தியரைக் காணல் வேண்டும். போஷாக்கின்மை, மன உளைச்சல், தைரொயிட் கோளாறு, சூலக நோய் முதலியன காரணமாகலாம். ஒழுக்கத்தை அளக்கும் கோல் இவற்றுள் எதுவுமன்று.

எமது நாட்டில் அரசாங்க வைத்தியம் இலவசம்தான். ஆனால் தோட்டத் தொழிலாளியான தாய் ஒரு நாட் சம்பளத்தை இழந்தே மகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லலாகும். மணமாகாத பெண்ணுக்கு அங்கென்ன வேலை என்னும் ஊர்வாய்க்கும் அவள் அஞ்ச வேண்டும். 2024 இல் மாணவியர் சுகாதாரத் துவாய் வாங்க அரசாங்கம் வவுச்சர் வழங்கத் தொடங்கியதை நாம் வரவேற்கிறோம். எனினும் வவுச்சர் பொருளைத் தரும். அச்சமின்றிப் பேசும் உரிமையைத் தராது.

அவ்வுரிமையைத் தரவேண்டியது சமூகம். திகதியைக் கொப்பியில் குறித்துவரக் கற்பிக்கும் தாய், ஏளனம் செய்யாத தோழி, சுகாதாரப் பாடத்தின் அப்பக்கங்களைத் தாண்டிச் செல்லாத ஆசிரியர், வீடு தேடிவரும் குடும்பநல உத்தியோகத்தர் ஆகிய நால்வரும் கைகோப்பின் அச்சிறுமியின் தனிமை பெரிதும் நீங்கும்.

எழுத்தாளர்க்கும் இதிற் கடமையுண்டு. சாதிக் கொடுமையையும் சீதனக் கொடுமையையும் துணிந்தெழுதிய முற்போக்கு எழுத்து, கலண்டரைப் பார்த்து நடுங்கும் பதினான்கு வயதுச் சிறுமியைக் காணாது செல்லலாமா? யதார்த்தம் என்பது வயலிலும் ஆலையிலும் மட்டுமன்று, அவள் மூடிய அறையினுள்ளும் உண்டு. அக்கதவைத் திறக்கும் எழுத்தையே நாம் வேண்டி நிற்கிறோம்.