மொட்டைக் கடிதமும் அறிவியலும்

மொட்டைக் கடிதத்தின் இடம் குப்பைக் கூடைதான் என்பது நம் நாட்டு வழக்கம். தருமபுரியில் கல்லூரி மாணவர்களுக்கு இயற்பியல் கற்பிக்கும் நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு ஒருநாள் கரும்பலகையில் வில்லைச் சமன்பாட்டை எழுதும்போது ஒரு குறியை மாற்றிப் போட்டுவிட்டேன். வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மறுநாள் என் மேசைமீது ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. பிழை இன்னது, திருத்தம் இன்னது என்று எழுதியிருந்தது, பெயர் இல்லை. சீட்டு சொன்னது சரிதான்.

இப்படிப்பட்ட சீட்டுக்கு அறிவியலில் முறையான இடமே உண்டு, வாசகர்களே! ஆய்விதழ் ஒன்றுக்குக் கட்டுரை வந்தால், இதழாசிரியர் அதை அத்துறை வல்லுநரிடம் அனுப்பிக் கருத்துக் கேட்பார். பெரும்பாலும் வல்லுநரின் பெயர் கட்டுரையாளருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை. 1936-இல் ஐன்ஸ்டைனும் ரோசனும் ஈர்ப்பு அலைகள் இல்லை என்று வாதிட்டு 'பிசிக்கல் ரெவ்யூ' இதழுக்குக் கட்டுரை அனுப்பினார்கள். பெயரற்ற மதிப்புரை ஒன்று அதில் பிழை இருப்பதைச் சுட்டியது. ஐன்ஸ்டைன் சினந்து கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனால் மறுஆண்டு வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது! மதிப்புரை எழுதியவர், ஐன்ஸ்டைன் வாழ்ந்த அதே பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்த ராபர்ட்சன். இது வெளியானது 2005-இல். அவரோ 1961-லேயே காலமாகிவிட்டார்.

அப்படியானால் பெயரை மறைப்பதே நன்று என்று முடிவு கட்டலாமா? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற நம் சந்திரசேகருக்கு நேர்ந்ததைப் பாருங்கள். சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன், வெண்குள்ள விண்மீனாக நிலைபெற முடியாது என்பது அவர் கண்ட முடிவு. 1935 ஜனவரி 11 அன்று லண்டன் அரச வானியல் கழகத்தில் இதை அவர் விளக்கினார். அடுத்து எழுந்த எடிங்டன் அதை நகைப்புக்கு இடமாக்கிவிட்டார். 24 வயது இளைஞரின் கணக்கு அந்தப் பெரும் பெயருக்கு முன் எடுபடவில்லை. போர், பௌலி போன்ற மேதைகள் சந்திரசேகர் பக்கமே நியாயம் என்று தனிப்பட்ட முறையில் ஒப்புக்கொண்டார்கள். வெளிப்படையாகச் சொல்ல மட்டும் முன்வரவில்லை. அவர்களுக்கு இழப்பு ஒன்றும் நேர்ந்திராது. ஆகவே இதைக் கோழைத்தனம் என்றே சொல்வேன். இங்கே பெயரில்லாக் கடிதம் நூறு வந்தாலும் பயன்பட்டிராது. எடிங்டன் என்ற பெயருக்கு எதிரே வைக்கப் பௌலி என்ற பெயர் வேண்டியிருந்தது.

இன்றைய ஏற்பாட்டில் நான் காணும் குறை இதுதான். பெரியவரின் பிழையைச் சிறியவர் அஞ்சாமல் காட்ட உதவும் அதே திரை, சிறியவரின் கட்டுரையைப் பெரியவர் காரணம் கூறாமல் தள்ளவும் உதவுகிறது. ராபர்ட்சன் சொன்னதை எவரும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். "இது முக்கியமானதன்று" என்று ஒற்றை வரியில் எழுதினால் எதைச் சரிபார்ப்பது? அப்படி எழுதுகிறவர் கையெழுத்தும் இடவேண்டும் என்பது என் கட்சி.

சீட்டு எழுதிய மாணவரை வகுப்பிலேயே பாராட்ட விரும்பினேன். யார் எழுதியது என்று இரண்டு முறை கேட்டும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.