பின்னால் போகும் பந்து

வடசென்னை கிரவுண்டுகளில் அந்த மிட்ஃபீல்டர் காலுக்குப் பந்து வந்தாலே வேலியோரத்திலிருந்து குரல் கிளம்பும்: "முன்னாடி போடும்மா!" அவர் போடமாட்டார். ஸ்டாப்பரிடமே திருப்பிவிடுவார். பயந்த ஆட்டம் என்று அன்றைக்கே முத்திரை குத்தினார்கள். இப்போது கவுன்சிலர் ஆவதற்குத் தெருத்தெருவாக நடக்கிறார். முத்திரையும் கூடவே நடக்கிறது.

நான் அவர் பக்கம்தான், மறைக்கவில்லை.

அந்த பேக் பாஸைக் கவனித்தவர்களுக்குத் தெரியும். பந்து வருமுன் இரண்டு தோளுக்கு மேலாகவும் ஒரு பார்வை. முதுகில் ஆள் ஒட்டியிருந்தால்தான் பின்னால் கொடுப்பார்; இடமிருந்தால் திரும்பி ஓடிவிடுவார். பின்னால் போன பந்தைத் துரத்தி எதிரணியில் இரண்டு பேராவது ஏறுவார்கள். அவர்கள் காலிசெய்த இடத்தில் அதற்குள் இவர் நின்றிருப்பார். ஸ்டாப்பர் ஒரே தட்டில் திருப்பித் தந்தால் விங்கருக்குப் பாதை திறந்துவிடும். கைதட்டல் விங்கருக்கு. இதைப் பத்திரமான ஆட்டம் என்பவர்கள் 1992-க்கு முந்தைய காலத்திலேயே நிற்கிறார்கள். சக ஆட்டக்காரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தை கோல்கீப்பர் கையில் எடுக்கக்கூடாது என்று விதி வந்தபிறகு, பின்னால் கொடுக்கவும் துணிச்சல் வேண்டும்.

பிரசாரத்திலும் அதே ஆட்டம். சாக்கடை பொங்குகிறது என்றால், ஒரே மாதத்தில் சரிசெய்வேன் என்று சொல்ல எத்தனையோ பேர் தயார். இவரோ, "கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, மழைநீர் வடிகால்தான் மாநகராட்சிக்கு. எந்த மூடி யாருடையதுன்னு முதல்ல குறிச்சுக்கறேன்" என்கிறார். கூட்டம் முணுமுணுக்கிறது.

2024 அக்டோபரில் 9 கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க மாநகராட்சி தீர்மானம் போட்டதும், எதிர்ப்பு கிளம்பித் திரும்பப் பெற்றதும் உங்களுக்கு நினைவிருக்கும். இலவசம் என்று முழங்கினால் கைதட்டல் நிச்சயம். இவரும் இலவசம்தான் என்கிறார். ஆனால் புல்தரையையும் விளக்கையும் யார் பராமரிப்பது, அந்தச் செலவு பட்ஜெட்டில் எந்தத் தலைப்பில் வருகிறது என்றும் கேட்கிறார். திடல் மறுபடி கைமாறாமல் இருக்க அந்த ஒரு வரிதான் காவல்.

இன்றைய மாமன்றத்தின் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. என் கணிப்பு: ஜெயிப்பார், மிகக் குறைந்த வித்தியாசத்தில். 200 வார்டுகளில் பாதி பெண்களுக்கு என்றாலும், மனுவைக் கவுன்சிலரின் வீட்டுக்காரரிடம் நீட்டும் பழக்கம் போகவில்லை. இவர் வீட்டில் அந்தக் கதவு திறக்காது. முதல் ஆறு மாதம் ஊமைக் கவுன்சிலர் என்பார்கள். மண்டலக் குழுவில் இவர் தயாரித்த கணக்கை வைத்து இன்னொருவர் பேசிப் பெயர் வாங்குவார். திடல் செலவு பட்ஜெட்டில் ஏறும், கல்வெட்டில் வேறு பெயர் இருக்கும். அடுத்த முறை சீட்டு? விங்கருக்குக் கொடுத்துவிடுவார்கள்.