ஏவாளுக்கு மட்டுமா சாபம்?

பழவேற்காட்டில் 1613இல் டச்சுக்காரர் கெல்டிரியா கோட்டையை எழுப்பினர். 1630களில் அங்கே சமயப் பணி புரிந்த ஆபிரகாம் ரோகேரியசு என்ற பாதிரியார், பத்மநாபன் என்ற வேதியரிடம் கேட்டறிந்து, இந்நாட்டுக் கடவுளரையும் சடங்குகளையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் மறைந்த பின், 1651இல் அது ஆலந்தில் வெளிவந்தது. நம் நம்பிக்கைகளைக் கடல் கடந்து வந்தவர் ஆராயலாமென்றால், அவர் கையிலிருந்த வேதத்தை ஏரிக்கரையில் நின்று நாம் ஆராய்வதும் முறைதானே! பகைமையோடு அல்ல, பகுத்தறிவோடு.

விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில், படைப்புக்கதை ஒன்றல்ல, இரண்டு. முதல் அதிகாரத்தில் ஆணும் பெண்ணும் ஒருசேரப் படைக்கப்படுகின்றனர். இருவரும் இறைவனின் சாயல். உலகை ஆளும் உரிமையும் இருவருக்குமே. இரண்டாம் அதிகாரத்திலோ, மண்ணிலிருந்து ஆதாம் உருவாகிறான். அவன் உறங்கும்போது எடுத்த விலா எலும்பிலிருந்து பெண் உருவாகிறாள். அவளைக் குறிக்கும் 'துணை' என்ற சொல்லைக் கொண்டு அவள் ஏவலாள் என்று உரை சொல்வோர் உண்டு. மூலமான எபிரேயத்தில் அதே சொல், மனிதனுக்கு உதவும் கடவுளையும் குறிக்கிறது. கடவுளும் ஏவலாள்தானா?

இரண்டு கதைகள் இருக்க, காலங்காலமாக எது உரக்க ஓதப்பட்டது? விலா எலும்புக் கதை! சமத்துவம் பேசும் முதற்கதை ஏட்டிலேயே உறங்கிற்று.

ஆண் முதலில் உருவானான், ஏமாந்தவள் பெண். ஆகவே அவள் போதிக்கலாகாது, அடங்கியிருக்க வேண்டும் என்கிறது பவுலின் பெயரால் வழங்கும் தீமோத்தேயு மடல். முந்திப் பிறந்தது ஆளவேண்டும் என்பதா நியாயம்? முதல் அதிகாரத்தின்படி மீன் ஐந்தாம் நாள் படைப்பு. மனிதன் ஆறாம் நாள் படைப்பு. அப்படியானால் பழவேற்காட்டில் மீனன்றோ மீனவனை ஆளவேண்டும்!

கனி தின்ற கதைக்கு வருவோம். ஏவாள் தின்றாள், உடனிருந்த ஆதாமும் தின்றான். விசாரணையில், "நீர் தந்த பெண்தான் கொடுத்தாள்" என்ற பொருள்படப் பழியை அவள்மேல் போட்டான். தீர்ப்பு இருவருக்கும் கிடைத்தது. அவளுக்குப் பிரசவ வேதனையும் கணவனின் ஆளுகையும். அவனுக்கு முள் முளைக்கும் நிலமும் நெற்றி வியர்வையும்.

ஆணுக்குக் கிடைத்த தண்டனை என்னவாயிற்று? ஏர் வந்தது, எந்திரம் வந்தது, வியர்வை குறைந்தது. எந்தப் பீடத்திலிருந்தும் எதிர்ப்பு எழவில்லை. ஆனால் 1847இல் எடின்பரோ மருத்துவர் சிம்சன், பிரசவ வலி தணிக்கக் குளோரோபாரம் கொடுத்தபோது, வேதத்தைக் காட்டி மறுப்பு வரும் என்று கண்டு தனி நூலே எழுத வேண்டியிருந்தது. பெண்ணின் வலியைத் தணிப்பது பாவமென்றால், உழவன் முள்ளைக் களைவதும் பாவமன்றோ என்பது அவருடைய வாதம். ஆணின் சாபத்தை அறிவு நீக்கலாம். பெண்ணின் சாபத்தை மட்டும் அடைகாக்க வேண்டும்! இதற்குப் பெயர் வேதமா, வசதியா?

ஏரிக்கரைக்கு வாருங்கள், தோழர்களே. துடுப்பு வலித்த மீனவனின் படகில் இன்று எந்திரம் ஓடுகிறது. நூல் வலை போய் நைலான் வலை வந்தது. வரவேற்போம்! ஆனால் ஏரியில் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பங்கிடும் 'பாடு' என்ற பழைய ஏற்பாட்டில், உரிமை ஆணுக்கே. மீனைச் சுமந்து விற்கும் பெண்ணுக்கு அதில் தனிப் பங்கில்லை. வாயில் பறியைக் கவ்வியபடி, சேற்று நீரில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்ணுக்கும் இல்லை. பாடு, விவிலியம் வகுத்த விதியன்று, ஊர் வகுத்தது. மாதா கோயிலுக்குச் செல்பவருக்கும் அம்மன் கோயிலுக்குச் செல்பவருக்கும் இதில் வேற்றுமையில்லை. பெண் வாழ்நாள் முழுதும் தந்தை, கணவன், மகன் காவலில் இருக்கவேண்டுமென்று மனு சொன்ன நாட்டில், ஏவாள் கதையைக் காட்டி எவரும் எள்ளி நகையாட இடமில்லை. எலும்பிலிருந்து வந்தவள் என்றாலென்ன, காவலுக்குரியவள் என்றாலென்ன? உழைப்பு அவளுடையது, உரிமை அவனுடையது என்ற முடிவு ஒன்றே!

மாற்ற முடியாதா? தென்னிந்தியத் திருச்சபை 1976இல் பெண்ணுக்குக் குருப்பட்டம் அளித்தது. 2013இல் நந்தியாலில் பெண் ஒருவரைப் பேராயராக்கியது. ரோமாபுரித் திருச்சபையோ, பெண்ணுக்குக் குருத்துவம் இல்லையென 1994இல் உறுதி கூறியது. வேதம் ஒன்று, விடை இரண்டு! வானம் விதித்தது என்றவை, மனிதர் கூடி மாற்றியபோது மாறின.

ஆகவே நம்புவோருக்கு ஒரு சொல்: முதல் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். நம்பாத நமக்கோ பணி பெரிது. பழங்கதையின் அனுமதிக்குக் காத்திராமல், குருபீடமானாலும் பாடானாலும் பெண்ணின் பங்கு எங்கே என்று கேட்போம். மேடையில் மட்டுமல்ல, முதலில் நம் வீட்டுத் திண்ணையில், நம் ஊர்க் கூட்டத்தில்!